முந்திக்கொண்ட சொல்

சந்தையில் அக்கா வாழைப்பழம் வாங்கும்போது பக்கத்தில் நிற்க எனக்குப் பிடிக்கும். “சிறுவாழை மலைப்பழம் ஒரு சீப்பு எடுங்க” என்பாள். பழக்காரி எதுவும் கேட்காமல் சிறுமலை வாழைப்பழத்தை எடுத்து நீட்டுவாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. எங்கள் தெருவில், பள்ளிக்கூடத்தில், கோயிலில், எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுவரச் சொல்ல நினைப்பாள். “சாவியப் பூட்டிட்டுக் கதவக் கொண்டா” என்று வரும். தட்டில் சோறு வைத்தால் அது சட்டில் தோறு. காப்பி சூடாக இருந்தால் சாப்பி கூடா.

ஒருநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா வகுப்பு வாசலில் நின்று, “ஏ புள்ளைகளா, குடை பெய்யுது, மழைய எடுத்துட்டு ஓடுங்க!” என்று கத்தினாள். ஒன்றாம் வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் என் பாடம் நின்றுபோனது. எட்டிப் பார்த்தேன். பிள்ளைகளோடு சேர்ந்து அக்காவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் சிஸ்டர்மார் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கூடப் பிறக்காத இந்த அக்கா அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சராக வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே தெருவில் குடியிருந்தோம். போகவும் வரவும் ஒன்றாகத்தான். நல்ல உயரம். நடந்தால் நான் பாதி ஓடவேண்டியிருக்கும். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டாள், உதட்டைப் பார்ப்பாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவள் வகுப்பில்தான் பிள்ளைகள் பேசப் பழகின. பழமும் பளமும் பலமும் ஒன்றாகச் சொல்கிற பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, இடது கையைக் கிண்ணம்போல் கவிழ்த்துக்கொள்வாள். “இது மேல்வாய்.” வலது கையை அதற்குள் கொண்டுபோவாள். “இது நாக்கு. நுனிய மடக்கி மேல கொண்டு போ. தொட்டுறாத. தொட்டா ள ஆயிரும். தொடாம அந்தரத்துல நிக்கணும்.” பிள்ளையின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பாள். அவள் வாயும் கூடவே திறந்திருக்கும். ழ வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு அக்காவின் மடியில் இடம்.

ஒருநாள் நடந்துவரும்போது கேட்டேன். “ஏக்கா, அடுத்தவக நாக்க எல்லாம் சரி பண்றீக. ஒங்களுக்கு ஏன் இப்படி வருது?”

“நாக்கத் திட்டாத. அது பாவம், உள்ள இருந்து வர்றதத்தான் சொல்லுது” என்றாள். “நாம ஒரு சொல்லச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அடுத்த சொல்லு உள்ள வந்து நின்னுருது. அதுக்கு அடுத்ததும் வந்துருது. எல்லாத்துக்கும் அப்படித்தான். எனக்குக் கொஞ்சம் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது போல. பின்னால நிக்கிறது முந்திக்கிருது.”

கொஞ்ச தூரம் போய் நின்றாள். “ஆனா இஷ்டத்துக்கு மாறாது, பாத்துக்க. சொல்லோட தலதான் மாறும், வாலு மாறாது. பொருளு இருந்த எடத்துக்குப் பொருளுதான் வரும். குடை பெய்யுதுன்னு சொன்னேனே, ‘பெய்யுது’ அங்கயேதான் நின்னுச்சு. அது எடம் மாறல.”

“செபம் சொல்லும்போது மட்டும் ஒண்ணும் மாறுறதில்லையே?”

“அது நான் பேசுறதில்லையே. சின்னதுல இருந்து வாய்க்குள்ளயே கெடக்கு. அது பாட்டுக்கு ஓடுது. நானா ஒண்ணச் சொல்லணும்னு நெனச்சாத்தான் வம்பு.”

அக்காவின் வீட்டுக்காரர் புகையிலைக் கம்பெனியில் குமாஸ்தா. அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் எனக்கு இன்றுவரை கஷ்டமாக இருக்கிறது. கை நீட்டமாட்டார். குடிக்கமாட்டார். பிள்ளை இல்லை என்று ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. சனிக்கிழமை தவறாமல் மல்லிகைப்பூ வாங்கி வருவார். கலகலப்பான மனுசன். அவர் இருக்கிற இடத்தில் நாலு பேர் கூடுவார்கள். கூடினால் அவர் சொல்வது அக்காவின் பேச்சைத்தான்.

அக்காவின் குரலையே கொண்டுவருவார். கையை ஆட்டுவது, தப்பு வந்ததும் நாக்கைக் கடிப்பது, எல்லாம் அப்படியே வரும். விருந்தாளிகள் வந்தால், “ஏ புள்ள, வந்தவகள ஒக்காரச் சொல்லி என்ன சாப்பிடுறீகன்னு கேளு” என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். அக்கா வந்து ஏதாவது சொல்வாள். மாறாமல் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஏமாற்றம். “இன்னொருக்க வேகமாச் சொல்லு” என்பார். மாறி வந்துவிட்டால் வீடே அதிரும். அக்காவும் சிரிப்பாள்.

நானும் அதைத் தமாஷ் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கிறிஸ்துமஸ் அன்றைக்கு வீடு நிறைய ஆள். தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். “காப்பி எடுத்துக்கங்க. காப்பி சூடா இருக்கு. காப்பி எடுத்துக்கங்க. சூடா இருக்கு.” சத்தம் வெளியே வராமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும், “செத்த நேரம் தட்டப் புடி” என்று கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

அக்காவுக்கு ஒரே தம்பி. சித்தையன்கோட்டைப் பக்கம் அம்மாவோடு இருந்து கொஞ்சம் நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் வயலுக்கு மேலே இருந்தது வசதியான ஒருவரின் வயல். மேல வயக்காரர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். தண்ணீர் முறை வரும்போதெல்லாம் தகராறு. ஒரு காலாண்டு லீவில் அக்கா ஊருக்குப் போயிருந்தாள். காலையில் தம்பிக்குக் கஞ்சி கொண்டுபோனபோது, மேல வயக்காரர் மடையை அடைத்துக்கொண்டிருக்கிறார். தம்பி போய்த் திறந்திருக்கிறான். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. மேல வயக்காரர் மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து அவன் மண்டையில் போட்டார். வரப்பில் நின்று அக்கா பார்த்தாள். சுற்றிலும் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அன்றைக்குத் தலையைத் தூக்கவில்லையாம். போலீஸிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. காது கேட்கும், சொன்னதெல்லாம் புரியும், பதில்தான் வராது. தண்ணீர் கேட்க வாயைத் திறப்பான். “மாடு” என்று வரும். தப்பு என்று அவனுக்கே தெரியும். தொடையில் அடித்துக்கொண்டு மறுபடி முயற்சி பண்ணுவான். மறுபடியும் “மாடு.” ஆனால் சாயங்காலம் அம்மா செபமாலை சொல்ல ஆரம்பித்தால், படுத்த வாக்கில் அருள் நிறைந்த மரியே முழுசையும் கூடவே சொல்லுவான். ஒரு எழுத்து பிசகாது. அந்தம்மா முதல்நாள் அதைக் கேட்டு மாதா புதுமை செய்துவிட்டாள், பேச்சு வந்துவிட்டது என்று தெருவுக்கு ஓடி எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறாள். எல்லாரும் வந்து நின்றபோது அவன் அம்மாவைப் பார்த்து “மாடு” என்றான்.

அவனால் சாட்சி சொல்ல முடியாது. வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். அக்கா ஒருத்திதான் மிச்சம்.

வழக்கு திண்டுக்கல் கோர்ட்டுக்கு வந்தது. மேல வயக்காரர் கெட்டிக்காரர். சம்பவத்தன்றே தன் தலையிலும் ஒரு காயத்தை உண்டாக்கிக்கொண்டு கட்டுப் போட்டுவிட்டார். தம்பிதான் முதலில் அடித்தான், தப்பிக்கத்தான் திருப்பி அடித்தேன் என்பது அவர் தரப்பு. எந்த மம்பட்டி யார் தலையில் விழுந்தது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

அக்கா அந்த வாரம் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அதுதான். “மேல வயக்காரர் மம்பட்டியத் தூக்கி என் தம்பி மண்டையில போட்டாரு.” நான் கூடவே நடந்து கேட்டுக்கொண்டு வருவேன். ஒருமுறைகூட மாறவில்லை. வீட்டுக்காரர் மட்டும், “பாத்துப் பேசு புள்ள, ஜட்ஜைத் தூக்கிக் கூண்டுல போட்டுறாத” என்று சிரித்தார். அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை.

சாட்சி சொல்லும் நாளில் துணைக்கு நானும் கோர்ட்டுக்குப் போனேன். வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். சர்க்கார் வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். ஊர், வேலை, அன்றைக்கு எதற்கு வயலுக்குப் போனீர்கள், எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள். அக்கா தெளிவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். “அப்புறம் என்ன நடந்துச்சு, சொல்லுங்க.”

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். “என் தம்பி மம்பட்டியத் தூக்கி மேல வயக்காரர் மண்டையில போட்டான்.”

அக்காவுக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்தாள். “இல்லங்கய்யா, மாறிப்போச்சு. மேல வயக்காரர்தான் என் தம்பிய அடிச்சாரு. மாறி வந்துருச்சுங்கய்யா.” முதலில் சொன்னதை அதற்குள் எழுதிவிட்டார்கள்.

எதிர்வக்கீல் எழுந்தார். சின்ன ஆள், இனிமையான குரல்.

“டீச்சரம்மா, காலையில வீட்டுக்காரருக்கு என்ன குடுப்பீங்க?”

அக்காவுக்குப் புரியவில்லை. “காப்பிங்க.”

“காப்பியா? சாப்பி கூடா இல்லையா?”

முன்னால் உட்கார்ந்திருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். அக்காவின் முகம் மாறிவிட்டது. வீட்டுக்குள் வருகிற பேச்சு இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் திகைத்தேன்.

“மழைக்கு எதம்மா எடுத்துட்டு ஓடச் சொல்லுவீங்க, பிள்ளைகள?”

கோர்ட்டே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சிரிப்பும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்காவும் கூண்டில் இருந்து அங்கேதான் பார்த்தாள். பின்பெஞ்சில் அவள் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம். அந்தக் கதையைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும், அவ்வளவுதான். அக்கா பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“ஆக, நீங்க பேசுனா மாறி வரும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அப்ப இன்னைக்குச் சொன்னதுல எத நாங்க எடுத்துக்கிறது?”

“ரெண்டாவது சொன்னதுங்க.”

“அது யோசிச்சுச் சொன்னது. மொதல்ல வந்தது யோசிக்காம வந்தது. யோசிக்காம வாயில வர்றதுதானேம்மா நெசம்?”

அக்கா கூண்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அப்படி இல்லங்கய்யா. குடை பெய்யுதுன்னு நான் சொன்னேன். அன்னைக்கு வானத்துல இருந்து குடையா விழுந்துச்சு? மழைதான பெய்ஞ்சுச்சு? பாத்தது மாறாதுங்க. சொல்லும்போது எடம்தான் மாறும்.”

மாஜிஸ்ட்ரேட் ஒரு கணம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். “இது பள்ளிக்கூடம் இல்லம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்றார்.

அடுத்த மாதம் வந்த தீர்ப்பில் மேல வயக்காரர் விடுதலை. சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுத்தார்களாம்.

சாட்சி சொன்ன அன்றைக்கு வெளியே வேப்பமரத்தடியில் அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “வாரம் பூரா அவனத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள். “கூண்டுல ஏறுனதுல இருந்து அவன் மொகந்தான். வாக்கியத்துல அவனுக்குப் பின்னால எடம். கடைசி நேரத்துல அவன் முந்திக்கிட்டான்.”

வீட்டுக்காரர் சோடா வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா அவரைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்த வக்கீலுக்கு யாரு சொன்னா?”

புகையிலைக் கம்பெனி வாசலில் சாயங்காலம் கூடுகிற கூட்டத்தில் அந்த வக்கீலின் ஆளும் வெற்றிலை போட வந்து உட்காருவான். கொஞ்ச நாளாகத்தான் வந்துகொண்டிருந்தான். எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பானாம். இன்னொன்று சொல்லுங்கண்ணே என்று கேட்பானாம். “எனக்கென்ன தெரியும்? தமாசுக்குத்தான புள்ள சொன்னேன்” என்றார் வீட்டுக்காரர். பொய் சொல்லவில்லை. தமாசுக்குத்தான் சொன்னார்.

சித்தையன்கோட்டைக்கும் அக்காவோடு நான்தான் போனேன். அம்மாக்காரி வாசலிலேயே நின்றாள். “அவன் பேச்ச மேல வயக்காரன் அடிச்சான். நம்ம பேச்ச நீ அடிச்சுட்டியேடி” என்றாள். உள்ளே தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அக்காவைப் பார்த்து வாயைத் திறந்தான். என்னென்னவோ சொல்ல வந்தான். ஒன்றும் வரவில்லை. திட்ட வந்தானா, தேற்ற வந்தானா என்று கடைசிவரை அக்காவுக்குத் தெரியாது. அதுதான் தன்னை அரிக்கிறது என்று பிறகு ஒருமுறை சொன்னாள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவாள். அவன் முன்னால் உட்கார்ந்து, இடது கையைக் கவிழ்த்து, வலது கையை நாக்காக்கி, “த. தண்ணி. நுனி பல்லத் தொடட்டும்” என்று சொல்லிக்கொடுப்பாள். சில நாள் “த” வரும். அதற்குப் பின்னால் “மாடு” வரும்.

பள்ளிக்கூடத்தில் அக்கா மாறவே இல்லை. பழையபடி தப்பும் தவறுமாகத்தான் பேசினாள். பிள்ளைகள் சிரித்தன. அவளும் சிரித்தாள். என்னிடமும் அப்படித்தான். வீட்டுக்காரரிடம்தான் பேச்சை மாற்றிக்கொண்டாள். அதை நான் உடனே கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன். அவர் வந்ததும் செம்பை நீட்டினாள். “தண்ணி.” இலையைப் போட்டாள். “சோறு.” அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, “சாவி.”

“என்னக்கா, கோவமா?” என்று கேட்டேன்.

“கோவமில்லம்மா. ஒத்தச் சொல்லுல எது எதோட மாறும்? பக்கத்துல வேற சொல்லு இருந்தாத்தான மாறும்.” சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்தேன். வருஷங்கள் போயின. சமைத்துப் போட்டாள், துவைத்துப் போட்டாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து துணி நனைத்துப் போட்டாள். சொல் மட்டும் ஒவ்வொன்றுதான். அவள் வாயில் முழு வாக்கியம் கேட்கவேண்டுமானால் அவர் சாயங்காலம் செபமாலை நேரத்துக்கு வீட்டில் இருக்கவேண்டும். கம்பெனி வாசல் கூட்டத்தை விட்டுவிட்டு அதற்காகவே வர ஆரம்பித்தார். முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பார். செபத்துக்குப் பதில் சொல்லக்கூட மறந்துவிடுவார். பங்குச்சாமியாரிடம் போய் முறையிட்டார். சாமியார் கூப்பிட்டுக் கேட்டபோது அக்கா, “நான் பேசாம இல்லையே சாமி. கேட்டதுக்கு எல்லாம் பதில் சொல்றேனே” என்றாள். அதுவும் பொய்யில்லை.

அது தண்டனை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செய்த தப்புக்கு அது அதிகமா குறைச்சலா என்று மட்டும் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். வெளிவாசலில் உட்கார்ந்து அவர் என்னைப் பார்த்து, “நீயாவது எதாச்சும் பேசிட்டுப் போம்மா” என்று சொல்லும்போது பாவமாக இருக்கும். அதே சமயம் கோர்ட்டில் குலுங்கிய தோள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.

அறுபதுகளின் கடைசியில் அவர் படுத்துவிட்டார். அத்தனை வருஷத்துப் புகையிலைத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. இருமல் வந்தால் கட்டில் ஆடும். பேசினால் மூச்சு வாங்கும். ஒரு சாயங்காலம் பார்க்கப் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். அவர் என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

“அவகிட்ட நீ சொன்னாக் கேப்பா. ஒரே ஒரு வாக்கியம். முன்ன மாதிரி. தப்பாவே வரட்டும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் சிரிக்க மாட்டேன்னு சொல்லு.”

நான் திரும்புவதற்குள் அக்கா பின்னால் வந்து நின்றிருந்தாள். கையில் டம்ளர். எல்லாம் கேட்டிருப்பாள் என்று முகத்தில் தெரிந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடத்தைவிட்டு அசையவில்லை. உதடு மட்டும் பிரிந்தது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று நான் நம்பினேன். அவரும் நம்பினார். தலையைத் தலையணையிலிருந்து தூக்கினார்.

“மருந்து” என்றாள் அக்கா.

அவர் வாயைத் திறந்தார்.